பெயர் சொல்லிக் கேட்டால்தான் கிடைக்கும்: யாழ்ப்பாணத்தில் முதியோருக்கான உதவிகள்

யாழ்ப்பாணத்தில் வயதானவர்களுக்கு உதவி இல்லை என்று சொல்வது சரியல்ல. இருக்கிறது. தொகை போதுமா என்பது வேறு கதை. சிக்கல் என்னவென்றால், அந்த உதவிகள் எல்லாம் ஒரு கூரையின் கீழ் இல்லை. மாதக் கொடுப்பனவு ஒரு சபையிடம் இருக்கிறது. முதியோர் அடையாள அட்டை இன்னொரு செயலகத்தின் பொறுப்பு. சக்கர நாற்காலிக்கு மாகாணத் திணைக்களம், சத்திரசிகிச்சைச் செலவுக்குக் கொழும்பில் இருக்கும் ஒரு நிதியம். இவற்றை ஒன்றாக்கிப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு இது இதெல்லாம் சேரும்" என்று சொல்வதற்கென்று தனியாக ஒருவர் இல்லை.

அதனால் கேட்கும் விதமே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. கவுண்டரில் போய், "தம்பி, வயசு போன ஆக்களுக்கு ஏதும் குடுக்கினமோ?" என்று பொதுவாகக் கேட்டால், "இப்ப புதுசா ஒண்டும் பதியேல்லை அம்மா" என்ற பதில் வரக்கூடும். அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அவருடைய மேசைக்குரிய திட்டத்தில் பதிவு இல்லை, அவ்வளவுதான். "பொதுசன மாதாந்த உதவிக்கு விண்ணப்பப் படிவம் எந்தக் கிளையில் தருவார்கள்?" என்று கேட்டால், ஒன்றில் லாச்சியைத் திறப்பார், இல்லாவிட்டால் பக்கத்து அறையைக் காட்டுவார். திட்டத்தின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஏன் இத்தனை கதவுகள்

இது யாரோ திட்டமிட்டு அலைக்கழிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அல்ல. காலத்துக்குக் காலம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் வந்தபோது சமூக சேவைகள் மாகாணத்தின் கைக்குப் போயின. மத்திய அரசிடமும் ஒரு பகுதி நின்றது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தேசிய முதியோர் சபையையும், அதன் வேலைகளைச் செய்யும் தேசிய முதியோர் செயலகத்தையும் கொண்டுவந்தது. அது கொழும்புப் பக்கத்து நிர்வாகம். நலன்புரி நன்மைகள் சபைக்கு வேறொரு சட்டம், 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கம். அந்தச் சட்டம் ஏறத்தாழ 20 வருடம் பெரிதாக அசையாமல் கிடந்து, பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2023 இல் வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசுமக் கொடுப்பனவாக நடைமுறைக்கு வந்தது.

வடக்குக்கு இன்னொரு குறையும் உண்டு. மாகாண சபைக்கான தேர்தல் இங்கே 2013 இல்தான் நடந்தது, அந்தச் சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்துபோனது. அதற்குப் பிறகு ஆளுநரின் கீழ் திணைக்களங்கள் இயங்குகின்றன. "எங்கட மாகாண சபை உறுப்பினரிட்டச் சொல்லுவம்" என்று போக இப்போது ஒருவரும் இல்லை.

நல்லகாலமாக, மத்தியும் மாகாணமும் பொதுமக்களைச் சந்திக்கும் இடம் ஒன்றுதான்: பிரதேச செயலகம். பழைய ஆட்கள் இன்னமும் ஏ.ஜி.ஏ. கந்தோர் என்பார்கள். யாழ் மாவட்டத்தில் நெடுந்தீவு தொடங்கி மருதங்கேணி வரை 15 பிரதேச செயலகங்கள், அவற்றின் கீழே 435 கிராம அலுவலர் பிரிவுகள். விதானையார் என்று நாம் அழைக்கும் கிராம அலுவலரின் கையெழுத்து இல்லாமல் கிட்டத்தட்ட எந்த விண்ணப்பமும் மேலே நகராது. அதனால் அவரிடம்தான் முதலில் போக வேண்டும். ஆனால் அவரிடமே நின்றுவிடக் கூடாது. அவர் வசிப்பிடத்தையும் ஆளையும் உறுதிப்படுத்துபவர். திட்டங்களைப் பற்றிக் கேட்க வேண்டியது பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தரையும், முதியோர் உரிமை தொடர்பான உத்தியோகத்தரையும், அஸ்வெசுமவுக்குப் பொறுப்பான கிளையையும். மூன்றும் மூன்று மேசைகள். ஒரு நாளில் மூவரையும் கண்டுவிட்டு வருவது நல்லது. வெளிக்களத்துக்குப் போகும் நாட்கள் அவர்களுக்கு உண்டென்பதால் முதலில் போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போனால் ஓட்டோக் காசு மிஞ்சும். எந்தக் கந்தோருக்குப் போவதென்றே தெரியாவிட்டால் 1919 என்ற அரச தகவல் நிலையத்தின் இலக்கத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

மாதாமாதம் வரும் காசு

அதிகம் பேருக்குத் தெரிந்தது 70 வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கான முதியோர் கொடுப்பனவு. பல வருடங்கள் 2,000 ரூபாயாக இருந்தது 3,000 ஆகி, 2025 ஏப்ரலில் இருந்து 5,000 ஆனது. அஸ்வெசும இதிலிருந்து வேறானது. அது தனி ஆளுக்கு அல்லாமல் குடும்பத்துக்குக் கொடுப்பது. மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாயும் வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாயும் என 2025 இல் உயர்த்தினார்கள். குடும்பத்துக்கு அஸ்வெசும கிடைத்தாலும், அதில் இருக்கும் முதியவருக்கான கொடுப்பனவு தனிக் கணக்கு. அஸ்வெசுமப் பட்டியலில் இல்லாத குடும்பத்து முதியவரும் தகுதி இருந்தால் முதியோர் கொடுப்பனவைக் கேட்கலாம். இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்து, "எங்களுக்கு அஸ்வெசும வெட்டிப்போட்டினம், இனி ஒண்டும் வராது" என்று இருந்துவிடுபவர்கள் அநேகம்.

அஸ்வெசுமவுக்குத் தெரிவு செய்யும் முறையை ஒருக்கால் விளங்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் யாழ்ப்பாணத்து முதியவர்கள் வழுக்கி விழும் இடம் அதுதான். கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு பகுதிகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். இப்போது கோண்டாவிலில் தனியே இருக்கும் 74 வயது அம்மா ஒருவரை வைத்துப் பார்ப்போம். வீடு கல்வீடு, நிலத்துக்கு மாபிள். மகன் கனடாவில் இருந்து 15 வருடத்துக்கு முன் கட்டிக் கொடுத்தது. குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, பழைய மோட்டார் சைக்கிளும் நிற்கிறது. மகனுக்கு இப்போது வேலை இல்லை, காசு வருவது எப்போதாவதுதான். படிவத்தில் வீடு தெரியும், மாபிள் தெரியும், மோட்டார் சைக்கிள் தெரியும். அடுப்பில் என்ன வேகிறது என்பது தெரியாது. ஒரு காலத்தில் வந்த வெளிநாட்டுக் காசு சுவராக நிற்கிறது, அந்தச் சுவரே இன்றைக்கு அவருக்கு எதிரான சாட்சி.

இதற்கு மேன்முறையீடு என்ற வழி இருக்கிறது. பெயர் வராதவர்களும், குறைந்த பிரிவில் போடப்பட்டவர்களும் குறித்த காலத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதில் எழுத வேண்டியது வறுமையைப் பற்றிய பொதுவான புலம்பலை அல்ல. மோட்டார் சைக்கிள் யாருடைய பெயரில் இருக்கிறது, ஓடுகிறதா, மாத மருந்துச் செலவு என்ன, வெளிநாட்டுக் காசு கடைசியாக எப்போது வந்தது என்பதை வங்கிப் புத்தகத்தின் பிரதியோடு எழுத வேண்டும். குறிகாட்டியில் எந்த இடத்தில் தவறாகப் பதிந்தார்களோ அந்த இடத்தைத் தொட்டு எழுதினால்தான் பார்ப்பார்கள். நலன்புரி நன்மைகள் சபையின் தொலைபேசி இலக்கம் 1924.

அஸ்வெசுமவுக்கு வெளியே, மாகாண சமூக சேவைத் திணைக்களம் கொடுக்கும் பொதுசன மாதாந்த உதவி இருக்கிறது. ஊரில் பிச்சைச் சம்பளம் என்று சொல்வார்கள், அந்தப் பெயருக்குக் கூசியே பலர் போவதில்லை. தொகை சிறியதுதான். ஆனாலும் ஆதரவு இல்லாதவர் என்று பதிவாகி இருப்பது பின்னால் வேறு உதவிகளுக்கு, உதாரணமாக முதியோர் இல்லத்தில் சேர்வதற்கோ சக்கர நாற்காலிக்கோ, கைகொடுக்கும். புற்றுநோய், காசநோய், தொழுநோய் போன்றவற்றுக்கான நோய் உதவியும் இதே வாசலில்தான். ஒன்றைப் பெற்றால் மற்றொன்று நிற்குமா என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்காமல் கிடக்கும் சொந்தக் காசு

உதவி என்ற பேச்சில் மறந்துபோவது, உழைத்த காலத்தில் கட்டிய காசு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையிலோ, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலோ, ஏதாவது தனியார் கம்பனியிலோ 1990 க்கு முன் வேலை செய்தவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி வெட்டப்பட்டிருக்கும். யுத்தத்தோடு தொழிற்சாலை நின்றது, ஆட்கள் சிதறினார்கள், சிலர் அந்தக் கணக்கைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் எடுக்கக்கூடிய காசு அது. பழைய அங்கத்துவ இலக்கம், சம்பளத் துண்டு, நியமனக் கடிதம் என்று பெட்டிக்கு அடியில் எது கிடந்தாலும் எடுத்துக்கொண்டு தொழில் திணைக்களத்தின் யாழ் அலுவலகத்தில் விசாரிக்கலாம். கணவர் இறந்திருந்தால் மனைவியும் பிள்ளைகளும் கேட்கலாம்.

விவசாயிகளுக்கு 1987 இலும் மீனவர்களுக்கு 1990 இலும் சட்டப்படி ஓய்வூதியத் திட்டங்கள் வந்தன. சுயதொழில் செய்தவர்களுக்கு சமூகப் பாதுகாப்புச் சபையின் திட்டம் இருக்கிறது. மூன்றும் தவணைப் பணம் கட்டியவர்களுக்கு மட்டும்தான், கட்டாதவர்களுக்கு இல்லை. விவசாயியின் வீட்டில் பழைய தவணைப் புத்தகம் இருந்தால் கமநல சேவை நிலையத்தில் காட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் இதில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

அரச ஓய்வூதியர் நிலைமை ஓரளவு சீரானது. அவர்கள் செய்ய வேண்டியது, உயிரோடு இருப்பதற்கான சான்றிதழை ஒவ்வொரு வருடமும் தவறாமல் கொடுப்பது. அது போகாவிட்டால் ஓய்வூதியம் நிற்கும். பிள்ளைகளிடம் ஆறு மாதம் கனடாவுக்கோ லண்டனுக்கோ போய்வரும் ஓய்வூதியர்கள் மாட்டுப்படுவது இந்த இடத்தில்தான். ஓய்வூதியர் இறந்தால் மனைவிக்கோ, தபுதாரர் எனப்படும் கணவருக்கோ உரிய விதவைகள், தபுதாரர்கள், அநாதைகள் ஓய்வூதியம் தானாக மாறி வராது, விண்ணப்பிக்க வேண்டும். திருமணச் சான்றிதழில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் வேறாக இருந்தால், துக்க வீட்டு அலைச்சலோடு இதையும் சேர்த்து அலைய வேண்டும். இருவரும் இருக்கும்போதே சரிபார்த்து வைப்பது புத்தி.

வெளிநாட்டில் வேலை செய்து திரும்பி வந்து ஊரில் குடியிருப்பவர்களும் இப்போது கணிசம். கனடாவின் முதியோர் ஓய்வூதியத்தை நாட்டுக்கு வெளியே இருந்தபடி தொடர்ந்து பெற, 18 வயதுக்குப் பிறகு 20 வருடமாவது அங்கே வசித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. பிரித்தானிய அரச ஓய்வூதியம் இலங்கைக்கு வரும், ஆனால் இங்கே குடியேறியவர்களுக்கு வருடாந்த உயர்வு சேராது, நின்ற தொகையிலேயே நிற்கும். திரும்பி வருவதற்கு முன் இதைக் கணக்குப் பார்க்காமல் வந்துவிட்டு, பத்து வருடம் கழித்து யோசிப்பதில் பயனில்லை.

வங்கியில் நிலையான வைப்பு வைத்திருக்கும் முதியவர்களுக்கு இரண்டு விடயம். 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 60 வயதைத் தாண்டியவர்களின் ஒரு வருட நிலையான வைப்புக்கு 10 லட்சம் ரூபாய் வரை 3 சதவீதம் மேலதிக வட்டி கொடுக்கும் ஏற்பாடு திரும்பவும் அறிவிக்கப்பட்டது. உங்கள் வங்கியில் நீங்களாகக் கேளுங்கள். மற்றது, வட்டியில் பிடிக்கும் வரி 2025 ஏப்ரலில் 5 இலிருந்து 10 சதவீதமானது. வருட வருமானம் 18 லட்சத்துக்குக் குறைவானவர்கள் சுயபிரகடனப் படிவம் ஒன்றை வங்கியில் கொடுத்தால் அந்த 10 சதவீதத்தைப் பிடிக்காமல் விடுவார்கள். படிவம் கொடுக்காதவர்களுக்குப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். வட்டியை நம்பிச் சீவிக்கும் வீடுகளில் இது சின்ன விடயம் இல்லை.

கடதாசிகள்

மற்ற மாவட்டத்தில் ஒரு நாளில் முடியும் வேலை இங்கே ஒரு மாதம் இழுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கடதாசிதான். 1990 இல் வலிகாமம் வடக்கில் இருந்து எழும்பியவர்கள், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் செம்மணி வழியே நடந்தவர்கள், வன்னியில் இறுதி யுத்தம் வரை நின்றவர்கள் என்று எல்லோரும் எதையோ விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். பிறப்புப் பதிவு இல்லை. இருந்தாலும் அதில் ஒரு பெயர், அடையாள அட்டையில் எழுத்து மாறிய இன்னொரு பெயர். 70 வயது என்று நிரூபிக்க முடியாத 75 வயதுக்காரர்கள் இருக்கிறார்கள்.

பிறந்த இடத்துப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளையில் முதலில் தேடுங்கள். பதிவு இல்லை என்று எழுத்தில் வந்தால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பெயர் வித்தியாசத்துக்கு சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி பல இடங்களில் போதும். முழுத் திருத்தம் தேவைப்பட்டால் பதிவாளர் கிளையே வழி சொல்லும். பிரதேச செயலகங்கள் இடைக்கிடை நடத்தும் நடமாடும் சேவைக்குப் பதிவாளர், ஆட்பதிவு ஆட்கள் எல்லோரும் ஒரே மண்டபத்துக்கு வருவார்கள். அறிவித்தல் ஒட்டினால் அந்த நாளைத் தவறவிட வேண்டாம். தற்போது இருக்கும் முகவரி ஒரு பிரிவில், அடையாள அட்டையின் முகவரி இன்னொரு பிரிவில் என்றால், முதலில் வசிக்கும் இடத்து விதானையாரிடம் பதிவை மாற்றுங்கள். இரண்டு விதானைமாருக்கு இடையில் நிற்கும் முதியவருக்கு இரண்டு பக்கமும் எதுவும் கிடைப்பதில்லை.

பிள்ளை காணாமல் ஆக்கப்பட்ட பெற்றோரின் நிலை தனி. மரணச் சான்றிதழ் எடுக்க அவர்கள் மனம் ஒப்புவதில்லை, ஒப்பவேண்டும் என்று சொல்ல எவருக்கும் உரிமையும் இல்லை. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறலாம். இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே, அவருடைய வங்கிக் கணக்கு, காணி, கொடுப்பனவு தொடர்பான அலுவல்களைப் பார்க்க அது இடம் கொடுக்கும். காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்தின் யாழ் பிராந்திய அலுவலகம் 2019 இல் திறக்கப்பட்டது. அந்த அலுவலகத்தின் மீது குடும்பங்களுக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணங்கள் இருக்கின்றன. சான்றிதழைப் பெறுவது அந்த நம்பிக்கையைப் பற்றிய கேள்வி இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போவதும் மருந்தும்

முதியவர்கள் பெரிய ஆஸ்பத்திரி என்று சொல்லும் யாழ் போதனா வைத்தியசாலை மத்திய அரசின் கீழ் இருக்கிறது. தெல்லிப்பளை, பருத்தித்துறை மந்திகை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். பிரஷர், சலரோகம் போன்ற நிரந்தர நோய்க்கு, எல்லோரும் யாழ்ப்பாணத்துக்கே போய் விடிய 5 மணிக்கு வரிசையில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. நோய் கட்டுப்பாட்டில் இருந்தால், கிளினிக் கொப்பியைக் காட்டி, வீட்டுக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலைக்கோ பிரதேச வைத்தியசாலைக்கோ மாற்றித் தரும்படி வைத்தியரிடம் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் எழுதித் தருவார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் கூட்டம் குறையும். இன்னும் நோய் என்று தெரியாதவர்களுக்கு, 35 வயதைத் தாண்டியவர்களை இலவசமாகச் சோதிக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் சிறிய வைத்தியசாலைகளிலேயே இருக்கின்றன. சீனியும் பிரஷரும் பார்க்கத் தனியார் ஆய்வுகூடத்துக்குக் காசு கொடுப்பவர்கள் இதை ஒருக்கால் எட்டிப் பார்க்கலாம்.

1990 என்ற இலக்கத்தில் கூப்பிடும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு 2018 ஜூலையில் வந்தது. இலவசம். தனியே இருக்கும் முதியவரின் போனில் முதல் இலக்கமாக மகளின் இலக்கத்தைப் போடுவது நம் வழக்கம். மகள் நோர்வேயில் இருந்தால், மயங்கி விழுந்த அம்மாவுக்கு அவர் அங்கிருந்து என்ன செய்வார்? 1990 ஐயும் பக்கத்து வீட்டுக்காரரின் இலக்கத்தையும் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி ஒட்டுங்கள். நெடுந்தீவுக்காரருக்கு இந்த ஆலோசனை அரைவாசிதான் உதவும். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரும் வரை கடல் இருக்கிறது, தீவில் இருக்கும் வைத்தியசாலையும் படகுமே முதல் நம்பிக்கை. மாதக் கிளினிக்கைத் தீவிலேயே வைத்துக்கொள்வது அங்குள்ள முதியவர்களுக்கு வசதிக்காக மட்டும் இல்லை.

பெரிய செலவு வரும் நோய்க்கு ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரகம், புற்றுநோய் முதலியவற்றுக்கு அதில் உதவி கேட்கலாம். முன்பு இதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும், அல்லது யாராவது அரசியல்வாதியைப் பிடிக்க வேண்டும் என்று நம்பினார்கள். 2025 பெப்ரவரியில் இருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்க வழி செய்திருக்கிறார்கள். சத்திரசிகிச்சை முடிந்து கடன் வாங்கிக் கட்டிய பிறகு ஓடாமல், வைத்தியர் திகதி குறித்த உடனேயே படிவத்தை எடுங்கள். புற்றுநோய்க்குத் தெல்லிப்பளையில் தனி வைத்தியசாலை இருக்கிறது. 2011 இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த நிதியில் எழுந்த கட்டடம் அது. கொழும்புப் பக்கம் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ரயில் ஏறியவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்தப் பயணம் இல்லாமல் போனது, நோயோடு ஒரு இரவுப் பயணம் குறைவதை லேசாக எண்ண முடியாது.

சலரோகத்தால் கால் இழந்தவர்களுக்கும் நடக்க முடியாமல் போனவர்களுக்கும், 1987 இல் தொடங்கிய யாழ் ஜெய்ப்பூர் மாற்றுவலுவுள்ளோர் புனர்வாழ்வு நிறுவனம் செயற்கைக் கால், சக்கர நாற்காலி, ஊன்றுகோல் என்று பலவிதத்தில் உதவுகிறது. மிதிவெடியில் கால் போனவர்களுக்காகப் பெயர் பெற்ற இடம் என்பதால், "அது காயப்பட்ட ஆக்களுக்குத்தானே" என்று முதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. மாகாண சமூக சேவைத் திணைக்களத்திலும் சக்கர நாற்காலி கேட்கலாம், காத்திருக்க வேண்டி வரும்.

நித்திரை வரவில்லை, சாப்பிட மனமில்லை, பழைய காலத்தில் இருப்பதுபோல் கதைக்கிறார் என்பதை எல்லாம் வயதுக்கோளாறு என்று விடாதீர்கள். மனநலப் பிரிவுகள் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளையிலும் இருக்கின்றன. தொலைபேசியில் கதைக்க 1926. இங்கே முதியவர்கள் பலருக்கு மறதியும் யுத்தத்தின் நினைவும் ஒன்றோடொன்று சிக்கிக்கிடக்கின்றன. எது எது என்பதைப் பிரித்துப் பார்ப்பது வைத்தியரின் வேலை.

தனியே இருப்பவர்கள்

2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 சதவீதம். யாழ்ப்பாணத்தில் இதன் அர்த்தம் வேறாக இருக்கிறது, ஏனென்றால் இங்கே பிள்ளைகள் பக்கத்து ஊரில் இல்லை, வேறு கண்டத்தில் இருக்கிறார்கள். காசு அனுப்புகிறார்கள், தினமும் வீடியோவில் கதைக்கிறார்கள், கண்காணிப்புக் கமராவும் பூட்டியிருக்கிறார்கள். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள்தான் இல்லை.

இதற்கு அரசிடம் இருக்கும் விடை மெலிதானது, ஆனால் இருக்கிறது. கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்களைப் பதிந்திருக்கிறார்கள். சில இடங்களில் பகல் பராமரிப்பு நிலையங்களும் உண்டு. சங்கம் நன்றாக நடக்கும் ஊரில் கண் பரிசோதனை முகாம், மூக்குக்கண்ணாடி, உபகரணம் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகின்றன. தலைவர் ஊக்கமாக இல்லாத ஊரில் பெயர்ப்பலகை மட்டும் நிற்கும். உங்கள் ஊரில் எது என்பதை விதானையார் சொல்வார். 60 வயதானவர்கள் முதியோர் அடையாள அட்டையைப் பிரதேச செயலகத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காசு வராது. வங்கியிலும் வைத்தியசாலையிலும் முன்னுரிமை கேட்க உதவும், கேட்காவிட்டால் அது வெறும் மட்டைதான்.

வீட்டோடு வைத்துப் பார்க்க ஆள் பிடித்துக் கொடுக்கும் தனியார் நிறுவனங்கள் இப்போது அதிகம். வருபவரின் அடையாள அட்டைப் பிரதி, விதானையார் சான்றிதழ், வேலையும் விடுமுறையும் எழுதிய ஒப்பந்தம் இல்லாமல் யாரையும் உள்ளே விட வேண்டாம். மருந்து கொடுப்பது, படுக்கைப் புண் பார்ப்பது போன்றவற்றில் பயிற்சி பெற்றவரா என்று கேட்பதற்குக் கூச்சப்படவும் வேண்டாம்.

இல்லத்துக்குப் போவது என்றால், கைதடியில் மாகாணத்தின் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. சேர்க்கைக்கு விதானையார், சமூக சேவை உத்தியோகத்தர் வழியாக வர வேண்டும். சுதுமலையில் சிவபூமி அறக்கட்டளையின் முதியோர் இல்லம் போலத் தொண்டு அமைப்புகள் நடத்துபவையும் உண்டு. கட்டணம் வாங்கும் இல்லங்களும் பெருகியிருக்கின்றன. அப்படியான ஒன்றில் சேர்ப்பதற்கு முன், முதியோர் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பிறகு முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். வெளிநாட்டில் இருந்து இணையத்தில் படம் பார்த்துக் காசு கட்டும் பிள்ளைகள், ஊரில் இருக்கும் ஒருவரையாவது அனுப்ப வேண்டும். இல்லத்தில் விடுவது அவமானம் என்ற பேச்சு இங்கே இன்னமும் பலமாக இருக்கிறது. படுக்கையில் இருப்பவரைப் பூட்டிய வீட்டுக்குள் வைத்திருப்பதை ஏன் எவரும் அவமானம் என்று சொல்வதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

பிள்ளை பார்க்காவிட்டால், காணி உறுதி கைமாறிவிட்டால்

2000 ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்று சொல்கிறது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத பெற்றோர், அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்துப் பிள்ளைகளிடம் மாதத் தொகை கேட்கலாம். சபை இரு பக்கத்தையும் அழைத்து விசாரிக்கும், கட்டளை போடும், மீறினால் விடயம் நீதிமன்றம் வரை போகலாம். நடைமுறையில் பயன்படுவது ஊரிலோ கொழும்பிலோ இருக்கும் பிள்ளை விடயத்தில்தான். பாரிசில் இருக்கும் மகனை அழைத்து விசாரிப்பது லேசான காரியம் அல்ல. அதோடு, பெற்ற பிள்ளைக்கு எதிராகக் கையெழுத்து வைக்க இங்கே எத்தனை தாய்மார் முன்வருவார்கள்? அதனால் பிரதேச செயலகத்து உத்தியோகத்தர் இரு தரப்பையும் கூப்பிட்டுக் கதைக்கும் கட்டத்திலேயே பல பிணக்குகள் தீர்கின்றன. முறைப்பாடு என்று நினைக்காமல் அந்தப் பேச்சைக் கேட்டு வாங்கலாம்.

பெரிய சிக்கல் வீட்டில்தான் வருகிறது. சீதனமாகவோ நன்கொடையாகவோ வீட்டைப் பிள்ளைக்கு எழுதும்போது, உறுதியில் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கும் வரை அந்த வீட்டில் இருக்கவும் அதன் பயனை அனுபவிக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கும். "எங்கட பிள்ளைதானே, அதெல்லாம் எதுக்கு" என்று நொத்தாரிசு முன்னிலையில் சொல்லிவிட்டு, மருமகனோ மருமகளோ மனம் மாறிய பிறகு ஒதுக்குப்புற அறையில் ஒடுங்குபவர்கள் இருக்கிறார்கள். மீளாத நன்கொடை உறுதியையும், பெற்றவர் பெரும் நன்றிகேடு செய்தார் என்று காட்டி நீதிமன்றத்தின் வழியாக இரத்துச் செய்யக் கேட்கலாம், அதற்கு 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது வழக்கு, காலமும் காசும் போகும். உங்களுக்காக அலுவல் பார்க்கும்படி வெளிநாட்டுப் பிள்ளைக்கோ உறவினருக்கோ எழுதிக் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்திலும் இதே கவனம் வேண்டும். காணியை விற்கும் அதிகாரம் வரை எழுதியிருக்கிறார்களா, வங்கி அலுவல் மட்டுமா என்பதை ஒப்பமிட முன் யாரையாவது கொண்டு வாசிப்பித்துக் கேளுங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லாவிட்டால் 1978 இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் அலுவலகம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு ஆலோசனையும் வழக்கும் அங்கே பார்ப்பார்கள். போகும்போது உறுதியின் பிரதி, அடையாள அட்டை, விதானையாரிடம் எடுத்த வருமானச் சான்று மூன்றையும் கொண்டு போனால் முதல் நாளே கோப்புத் திறக்க உதவும்.